பேட்ச் சர்வரில் சேர்ந்த குப்பை - ஒரு சிறு வரலாறு

வீட்டுக் கணினிக்கு அப்டேட் வந்தால் ஒரு ரீஸ்டார்ட்டோடு வேலை முடிந்துவிடும். ஆயிரக்கணக்கான கணினிகள் உள்ள நிறுவனத்தில் கதையே வேறு. ஒவ்வொரு கணினியும் தனித்தனியாக அதே ஃபைலை இணையத்திலிருந்து இறக்கினால் இணைப்பு தாங்காது. அதனால் நடுவில் ஒரு சர்வர் வைப்பார்கள். அது மைக்ரோசாஃப்டிடமிருந்து ஒரு முறை வாங்கி எல்லாக் கணினிகளுக்கும் பகிர்ந்து கொடுக்கும். அந்த சர்வரில் பழைய ஃபைல்கள் எப்படிக் குவிந்தன? அவற்றை அழிப்பது ஏன் இவ்வளவு பெரிய தலைவலி ஆனது?

புழுக்கள் தந்த பாடம்

2001 ஜூலையில் 'கோட் ரெட்', செப்டம்பரில் 'நிம்டா' என்று இரண்டு புழுக்கள் விண்டோஸ் சர்வர்களைப் பதம் பார்த்தன. 2002 ஜனவரியில் பில் கேட்ஸ், இனி புதிய வசதிகளைவிடப் பாதுகாப்புக்கே முதலிடம் என்று ஊழியர்களுக்கு மடல் எழுதினார். அதே ஆண்டு நிறுவனங்களுக்காக 'சாஃப்ட்வேர் அப்டேட் சர்வீசஸ்' என்ற இலவச மென்பொருள் வந்தது.

ஆனால் பேட்ச் வெளிவருவது வேறு, அது கணினியில் ஏறுவது வேறு! 2003 ஜனவரி 25 அன்று 'ஸ்லாமர்' புழு சுமார் 75,000 கணினிகளைத் தாக்கியது. பாதிக்கப்படக்கூடிய கணினிகளில் பெரும்பாலானவை முதல் பத்து நிமிடங்களிலேயே விழுந்தன. அதற்கான பேட்ச் ஆறு மாதம் முன்பே, 2002 ஜூலையில், வந்துவிட்டது. 2003 ஆகஸ்டில் வந்த 'பிளாஸ்டர்' புழுவுக்கும் ஜூலையிலேயே பேட்ச் இருந்தது. அந்த ஆண்டு அக்டோபர் முதல், மாதத்தின் இரண்டாவது செவ்வாய்க்கிழமை பேட்ச் வெளியிடும் வழக்கம் தொடங்கியது.

2005 ஜூனில் பழைய சேவைக்குப் பதிலாக டபிள்யூ.எஸ்.யூ.எஸ். வந்தது. விண்டோஸ் மட்டுமின்றி ஆஃபீஸ், எஸ்.க்யூ.எல். சர்வர் போன்றவற்றின் அப்டேட்களும் அதில் வந்தன. "எதையும் தவறவிடக் கூடாது" என்பதுதான் அன்றைய கவலை. சேர்த்ததை எப்போது கழிப்பது என்று யோசித்தவர்கள் குறைவு.

மலை எப்படி வளர்ந்தது?

புதிய அப்டேட் வந்தால் பழையது 'மாற்றப்பட்டது' என்ற நிலைக்குப் போகும். மைக்ரோசாஃப்டே திரும்பப் பெற்றால் 'காலாவதி' ஆகும். இரண்டு நிலையிலும் பழைய ஃபைல் தானாக அழிவதில்லை. எல்லா மொழிகளையும் டிக் செய்துவிட்ட நிறுவனங்களில் குவியல் இன்னும் வேகமாக வளர்ந்தது.

கையால் அழித்துவிடலாமே என்றால் அங்கேதான் சிக்கல். ஃபைல்களுக்குப் புரியும்படியான பெயர் கிடையாது. எழுத்தும் எண்ணும் கலந்த நீண்ட சரம்தான் பெயர். எந்த ஃபைல் எந்த அப்டேட்டுக்கு உரியது என்ற கணக்கு தனியாக ஒரு டேட்டாபேஸில் இருக்கிறது. ஃபைலை மட்டும் அழித்தால் டேட்டாபேஸ் "இருக்கிறது" என்று சொல்லும், கணினி கேட்கும், கிடைக்காது.

2005 பதிப்பில் இதற்கு கமாண்ட்-லைன் கருவிகள்தான் இருந்தன. 2007இல் வந்த 3.0 பதிப்பில்தான் 'சர்வர் கிளீனப் விசார்ட்' சேர்ந்தது. ஐந்து டிக் பெட்டிகள், ஒரு 'நெக்ஸ்ட்' பொத்தான். எளிதாகத் தோன்றினாலும் விசார்ட் மிகவும் ஜாக்கிரதையானது. மாற்றப்பட்ட ஒரு அப்டேட்டை அது ஒதுக்க வேண்டுமானால், 30 நாட்களாக அங்கீகாரம் இல்லாமல் இருக்க வேண்டும். எந்தக் கணினிக்கும் தேவைப்படக் கூடாது. அதற்கு மாற்றாக வந்தது அங்கீகரிக்கப்பட்டிருக்க வேண்டும். எப்போதோ மூலையில் போடப்பட்ட கணினி கடைசியாக "தேவை" என்று சொல்லியிருந்தால்கூடப் பழையது தங்கிவிடும். அதனால்தான் தொடர்பில் இல்லாத கணினிகளைப் பட்டியலிலிருந்து நீக்க ஒரு தனிப் பெட்டி.

இன்னொரு கொடுமை, விசார்ட் தானாக ஓடாது. டிஸ்க் நிரம்பிய பிறகுதான் பலர் அதைத் தேடினார்கள். பல ஆண்டு குப்பையை ஒரே மூச்சில் கழிக்கப் பார்த்து, விசார்ட் பாதியில் நின்றது. நிர்வாகிகள் சொந்தமாக ஸ்கிரிப்ட் எழுத ஆரம்பித்தார்கள். விண்டோஸ் சர்வர் 2012இல் இதற்கென்றே பவர்ஷெல் கட்டளை வந்தது.

குப்பையே ஆபத்தானபோது

2015இல் வந்த விண்டோஸ் 10 முறையை மாற்றியது. ஒவ்வொரு மாதத் தொகுப்பிலும் முந்தைய மாதங்களின் திருத்தங்களும் அடக்கம். 2016 அக்டோபரில் விண்டோஸ் 7, 8.1 இரண்டும் இதே வழிக்கு வந்தன. போன மாதத் தொகுப்பு இந்த மாதமே பழசு! பட்டியல் நீளநீள, கணினிகள் அதைத் தேடிப் பார்க்கும் சுமையும் ஏறியது. சேவைக்கு இயல்பாக ஒதுக்கப்பட்ட நினைவகம் சுமார் 1.8 ஜிபி. அதைத் தாண்டினால் சேவை நின்றுபோகும், கணினிகளுக்குப் பதில் வராது. இடத்தை அடைத்த குப்பை, இப்போது புதிய பேட்சின் வழியையே அடைத்தது.

தாமதத்தின் விலை என்ன என்பதை 2017 மே 12 காட்டியது. 'வான்னாக்ரை' தாக்குதலில் இங்கிலாந்தின் 236 அரசு மருத்துவ அறக்கட்டளைகளில் 80 பாதிக்கப்பட்டன. அங்கே காரணம் பழைய ஃபைல்கள் அல்ல. ஆனால் மார்ச் 14 அன்றே வந்த பேட்ச் இரண்டு மாதத்தில் போய்ச் சேராவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு அதைவிடப் பெரிய உதாரணம் வேண்டியதில்லை.

அதற்காக அவசரப்பட்டு அழிப்பதும் தவறு. புதிய அப்டேட்டைச் சோதித்து அங்கீகரிக்கும் முன் பழையதை ஒதுக்கினால், கணினிக்கு இரண்டுமே கிடைக்காது. பல சர்வர்கள் அடுக்காக உள்ள இடத்தில் வரிசையும் முக்கியம். ஒதுக்குவது மேலிருந்து கீழ்; அழிப்பது கீழிருந்து மேல். மாற்றிச் செய்தால் மேல் சர்வரில் இல்லாதது கீழே இருக்கும், ஒத்திசைவு பழுதாகலாம்.

2019இல் கான்ஃபிகரேஷன் மேனேஜரின் 1906 பதிப்பு, பழைய பதிவுகளை டேட்டாபேஸிலிருந்து நீக்கும் வேலையைத் தானாகச் செய்யத் தொடங்கியது. விசார்ட் வந்து 12 ஆண்டுகளுக்குப் பிறகு! 2024 செப்டம்பரில் மைக்ரோசாஃப்ட், டபிள்யூ.எஸ்.யூ.எஸ்.ஸில் இனி புதிய வசதிகள் சேராது என்று அறிவித்தது. ஆனாலும் விண்டோஸ் சர்வர் 2025இலும் அது இருக்கிறது. அதை நம்பியிருக்கும் அலுவலகங்களில் மாதாமாதம் கழிக்கும் வேலையும் இருக்கிறது.

ஆக, பேட்ச் போடுவதைப் பாதுகாப்பு என்றும், பழையதைக் கழிப்பதை வெறும் பராமரிப்பு என்றும் பிரித்துப் பார்த்ததுதான் இத்தனை ஆண்டுத் தலைவலிக்கு வேர். வாய்க்காலில் தூர் வாராமல் மடையை மட்டும் திறந்துவிட்டால் கடைமடைக்குத் தண்ணீர் போகாது. இதுவும் அப்படித்தான்.