அராபெஸ்க்: சுவரில் படர்ந்த கொடி மேடையேறிய கதை

ஸ்பெயினின் கிரானடா நகரிலுள்ள அல்ஹம்பிரா அரண்மனைச் சுவர்களெங்கும் சாந்துக் கொடிகள் ஓடுகின்றன. தண்டு பிரிந்து இலையாகிறது. அந்த இலையின் நுனியிலிருந்தே இன்னொரு தண்டு கிளைக்கிறது. தொடக்கமும் முடிவும் கண்ணுக்குப் பிடிபடுவதில்லை. இவ்வகை அலங்காரத்துக்கு ஐரோப்பியர் இட்ட பெயர் அராபெஸ்க். 'அரபுப் பாணியிலான' என்னும் பொருளுடைய 'அராபெஸ்கோ' என்ற இத்தாலியச் சொல்லே அதன் மூலம். அரபு மொழியிலோ இந்தக் கொடிவேலைக்குத் 'தவ்ரீக்' என்ற சொல் உண்டு. இலை விடுதல் என்று பொருள்.

கொடியின் வேர் அரபு நிலத்துக்கும் முந்தியது. ஆஸ்திரியக் கலை வரலாற்றாசிரியர் அலோய்ஸ் ரீகல் 1893இல் வெளியிட்ட நூலில், எகிப்தியத் தாமரையிலிருந்து கிரேக்கச் சுருள்கொடி வழியாக அதன் வம்சாவளியை வரைந்தார். இஸ்லாமியக் கைவினைஞர்கள் அந்த மரபை அடியோடு மாற்றினார்கள். 9ஆம் நூற்றாண்டில் இராக்கின் சமர்ரா நகரில், சாய்வாக வெட்டிய சாந்து வேலைப்பாட்டில் இலை தன் இயற்கை உருவை இழந்தது. வடிவம் எது, பின்னணி எது என்று பிரிக்க முடியாதபடி சுவர் முழுதும் நிறைந்தது.

ஐரோப்பாவில் சொல்லின் எல்லை விரிந்தது. வாத்திகன் மாடத்தில் ஓவியர் ரஃபேலின் குழுவினர் பண்டைய ரோமானியரைப் பின்பற்றித் தீட்டிய, மனித உருவும் விலங்கும் கொடியும் பின்னிய ஓவியங்களையும் அராபெஸ்க் என்றே அழைத்தனர்.

அங்கிருந்துதான் நடனத்துக்குப் பாதை திறந்தது. இத்தாலிய நடன ஆசான் கார்லோ பிளாசிஸ் 1820இல் வெளியிட்ட பாலே நூலில், பழைய புடைப்புச் சிற்பங்களையும் ரஃபேலின் ஓவியங்களையும் இச்சொல்லின் ஊற்றாகக் காட்டினார். நடனக் கலைஞர்கள் பலர் பின்னிப் பிணைந்து நிற்கும் கோலத்தையும் அவர் அப்பெயரால் குறித்தார்.

பிற்காலத்தில் அது ஒற்றை உடலின் நிலையாயிற்று. ஒரு காலில் நின்று, மறுகாலை முழங்கால் மடங்காமல் பின்னால் நீட்டி, கையை முன்னே செலுத்தினால், விரல் நுனி தொடங்கிக் கால் நுனி வரை ஒரே கோடு. பாலே பயிற்சி முறைகளுள் செக்கெட்டி மரபு இதில் ஐந்து வகை காண்கிறது. வாகனோவா மரபு நான்கு.

நடன அமைப்பாளர் மரியுஸ் பெட்டிபா 1877இல் செயின்ட் பீட்டர்ஸ்பர்கில் அரங்கேற்றிய 'லா பயதேர்' என்ற பாலே, இந்தியக் கோயில் நடனப்பெண் ஒருத்தியின் கதை. அதன் நிழலுலகக் காட்சியில் வெண்ணுடைப் பெண்கள் ஒவ்வொருவராகச் சரிவில் இறங்கி, அதே அராபெஸ்க் நிலையைத் திரும்பத் திரும்பச் செய்கிறார்கள். ஒரு வடிவம் பெருகி வெளியை நிரப்பும் அந்தச் சுவர்க்கலையின் இலக்கணத்தை, இங்கே உடல்கள் எழுதுகின்றன.