கருஞ்சிறுத்தை: மிருகக்காட்சிசாலை வம்சாவளி

மிருகக்காட்சிசாலைகளில் வளர்க்கப்படும் கருஞ்சிறுத்தை தனி இனமன்று. சாதாரணச் சிறுத்தையிடத்தே கருநிறம் மிகுந்து தோன்றிய வேறுபாடே ஆகும். சாய்வெயில் விலாவில் படும்போது, கருமைக்குள் மறைந்துகிடக்கும் புள்ளிவளையங்கள் மெல்லத் தெரிந்து அதன் பூர்வோத்தரத்தைப் புலப்படுத்தும்.

இதன் சரித்திரத்தில் மிகவும் விளக்கமுற்றிருப்பது பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதிப்பகுதி. வங்காளத்திலிருந்து கடல்கடந்து சென்ற கருஞ்சிறுத்தையொன்று லண்டன் டவர் கோட்டையின் விலங்குக்கூடத்தில் காட்சிக்கு வைக்கப்பட்டிருந்தது. அதன் வர்ணனையை ஆதாரமாகக் கொண்டு ஜெர்மானிய அறிஞர் மேயர் 1794-இல் ‘ஃபெலிஸ் ஃபஸ்கா’ எனப் பெயரிட்டார். பாரத தேசத்துச் சிறுத்தைகள் யாவும், புள்ளியுடையனவும் கரியனவும் ஒருங்கே, இன்றளவும் சாஸ்திரத்தில் ‘ஃபஸ்கா’ என்றே வழங்குவதால், தாய்நாட்டை விட்டுக் கூண்டில் வாழ்ந்த அவ்வொரு விலங்கே தன் குலம் முழுமைக்கும் பெயர் தந்ததாகிறது. 1809-இல் பிரெஞ்சு விலங்கியல் அறிஞர் கூவியே ஜாவாவின் கருஞ்சிறுத்தையை ‘ஃபெலிஸ் மெலாஸ்’ எனத் தனி இனமாகவே வகுத்தார். ஒரே ஈற்றில் கரிய குட்டியும் புள்ளிக்குட்டியும் பிறத்தல் கண்டு அக்கொள்கை பின்னர்க் கைவிடப்பட்டது. மேயருக்கு நூறாண்டு பின், 1894-இல் வெளிவந்த கிப்ளிங்கின் காட்டுக்கதைகளில் வரும் பகீரா என்னும் கருஞ்சிறுத்தையும் உதயப்பூர் அரசரின் கூண்டுகளிடையே பிறந்ததாகவே சொல்லப்படுகிறது.



இன்று உலகக் காட்சிசாலைகளிலுள்ள கருஞ்சிறுத்தைகளின் மூதாதையர் எத்தேசத்தவர் என்பதில் ஒருமித்த கருத்தில்லை. மலேயா வழியினவே மிகுதி என்பர் சிலர். தாய்லாந்திலும் மலேயாவிலும் தானியங்கிக் கேமராக்கள் எடுத்த 474 சிறுத்தைப் படங்களுள் 445 கருஞ்சிறுத்தைகளாக இருந்தமையும், தாய்லாந்தின் தென்பகுதியிலுள்ள கிரா பூசந்திக்குத் தெற்கே புள்ளிச்சிறுத்தை ஒன்றும் பதிவாகாமையும் அவர்களுக்குத் துணையாகும். நீலகிரி முதலிய இடங்களிலும் கருஞ்சிறுத்தை இயல்பாக வாழ்வதாலும், பல தேசத்துச் சிறுத்தைகள் கூண்டுகளில் கலந்து ஈன்றமையாலும், கலப்பு வம்சமெனக் கொள்வதே பொருத்தம் போலும்.

கருமை தாய் தந்தை இருவரிடமிருந்தும் வந்தாலன்றி வெளிப்படாத ஒடுங்கு பண்பு என்பதைக் காட்சிசாலைகளின் ஈற்றுப் பதிவுகளைக் கொண்டு மரபியல் அறிஞர் ராபின்சன் 1970-இல் நிறுவினார். அதற்குக் காரணமான மரபணு மாற்றம் 2012-இல் கண்டறியப்பட்டது. அபூர்வ நிறத்துக்காகவே விலங்குகளை இணைசேர்த்தலை அமெரிக்கக் காட்சிசாலைச் சங்கம் 2011-இல் விலக்கியுள்ளது.