கடப்பிதழ்: ஒரே நடையில் புதுப்பிப்பது எப்படி?

சுங்கை சிப்புட் போன்ற சிறு நகரிலோ தோட்டத்திலோ இருக்கிறீர்களா? கடப்பிதழுக்காக ஈப்போ போய் வந்தாலே ஒருநாள் சம்பளம் போச்சு. இரண்டு முறை அலையாமலிருக்க இதைக் கவனியுங்கள்:

• காலாவதி தேதியை இன்றே பாருங்கள். பல நாடுகள் குறைந்தது 6 மாதச் செல்லுபடிக் காலத்தைக் கேட்கின்றன. குறைந்தால், டிக்கெட் இருந்தும் விமானத்தில் ஏற்ற மாட்டாங்க.

• பழைய கடப்பிதழ் இருக்கா? குடிநுழைவுத் துறையின் இணையத்தளத்தில் விண்ணப்பித்து, 200 ரிங்கிட் கட்டலாம். படத்திற்கு வெள்ளைப் பின்னணி, அடர்நிறச் சட்டை வேணும்.

• தயாரானதும் மைகார்ட், பழைய கடப்பிதழுடன் நேரில் போய் வாங்குங்கள்.

• 60 வயதைக் கடந்தவர்களுக்கு 100 ரிங்கிட், மாற்றுத்திறனாளிகளுக்கு இலவசம்.

• முதல்முறை எடுப்பவர்களும் தொலைத்தவர்களும் நேரில்தான் விண்ணப்பிக்கணும். தொலைத்திருந்தால், முதலில் போலீஸ் புகார் செய்யுங்கள்.