கிடைக்காரங்க இடம் பார்த்த விதம்

தென்காசிப் பக்கம் ராத்திரி வெட்டவெளியில தங்குறது இன்னைக்குச் சுற்றுலா வர்றவங்க சமாச்சாரம். ஒரு காலத்துல அது பிழைப்பு. ஆட்டுக்கிடை மறிக்கிற கோனாக்கமாரும், ஆரியங்காவுக் கணவாய் வழியா பாரம் ஏத்திப் போன வண்டிக்காரங்களும் அப்படித்தான் தங்கினாங்க. நனையாம, விறைக்காம விடியணும்னா இடம் பார்க்கத் தெரியணும்.

முதல்ல காத்து. மத்த இடத்துல சுவர் மாதிரி நிக்கிற மலை, செங்கோட்டைக்கு மேற்கே தணிஞ்சு வழி விடுது. ஆனி, ஆடியில தென்மேற்குக் காத்து அது வழியா சாரலைத் தூக்கிட்டு வரும். அதுதான் குற்றாலச் சீசன். குளிக்க வர்றவனுக்குச் சுகம், வெளியில படுக்கிறவனுக்கு நடுக்கம். ஐப்பசி, கார்த்திகையில மழை வடகிழக்குல இருந்து வரும். அதனால ஒரே இடம் வருஷம் பூரா ஒத்துவராது.

பிசானம் அறுத்ததுல இருந்து கார் நடவு வரைக்கும் வயல் காலி. அப்போ வயலுக்குள்ளேயே கிடை. உரம் எல்லா இடத்துலயும் விழணும்னு ராத்திரிக்கு ராத்திரி இடம் மாத்துவாங்க. கூலியை நெல்லா அளந்து கொடுப்பாங்க. சாரல் தொடங்கினா வயலை விட்டு ஏறிடுவாங்க. அப்போ பொத்தையோட கீழ்புறச் சரிவுதான் தோது. மேல்காத்தைப் பொத்தை தாங்கிக்கிடும்.

சரிவுலயும் உச்சி ஆகாது, அடிப்பள்ளமும் ஆகாது. உச்சியில காத்து. பள்ளத்துல குளிர். மேகமில்லாத ராத்திரியில தரை சூட்டை விட்டுடும். அதை ஒட்டின காத்து குளிர்ந்து கனத்து, தண்ணி மாதிரியே பள்ளம் தேடி இறங்கும். மார்கழி விடியக்காலம் தண்ணி பாய்ச்சப் போறவங்களுக்கு இது தெரியும். பள்ள வயல்ல காலு விறைக்கும், மேட்டுல ஏறினதும் விட்டுடும்.

மண்ணும் பார்ப்பாங்க. சரள் மண் தண்ணியை உடனே இறக்கிடும். கரிசல் ஈரத்தைப் பிடிச்சு வச்சு ஆட்டுக் குளம்பை அழுக வச்சிடும். ராத்திரி பூரா நனைஞ்சு கிடந்தா இளங்குட்டி தாங்காது. இடம் தப்பினா காலையில கிடையில குட்டி குறையும்.

வண்டிக்காரங்களுக்கும் இதே கணக்குதான். மாட்டை அவிழ்த்துக் கட்டிட்டு, வண்டிக்கு அடியில வைக்கோலைப் பரப்பிப் படுப்பாங்க. 1904-ல மலையைக் குடைஞ்சு புனலூர்–செங்கோட்டை ரயில் வந்த பிறகு அந்தப் போக்குவரத்து குறைஞ்சுது. இடம் பார்க்கிற பேச்சு மட்டும் எங்க தாத்தா காலம் வரைக்கும் இருந்துச்சு. ஓடை மணல் மெத்துன்னு இருக்கு, அங்க படுத்தா என்னன்னு சின்ன வயசுல கேட்டேன். “எய்யா, அது தண்ணி படுக்கிற பாய்”னாரு.

2024 மே 17-ல பழைய குற்றாலத்துல அதைத்தான் பார்த்தோம். மலைமேல பெய்த மழை, கீழே குளிச்சிட்டு இருந்தவங்களுக்குத் தெரியல. திடீர்னு வந்த வெள்ளம் ஒரு பையனைக் கொண்டுபோயிடுச்சு. அது பட்டப்பகல். ராத்திரி தூங்குறவன் கதியை யோசிச்சுப் பாருங்க.

எங்க தோப்புல கூடாரம் போடலாமான்னு இப்பவும் சிலர் கேப்பாங்க. எல்லாருக்கும் ஆத்தங்கரைதான் வேணும். நான் களத்து மேட்டைத்தான் காட்டுவேன். தண்ணிச் சத்தமே கேக்கலையேன்னு முகம் சுளிப்பாங்க. அந்தத் தூரம்தான் சரின்னு சொல்லி, படுக்க வைக்கோலும் கொடுத்துட்டு வருவேன்.