ஒப்பீட்டுப் பல்லியல்

மனிதரின் பற்களையும் விலங்குகளின் பற்களையும் எண்ணிக்கை, வடிவம், உள்ளமைப்பு, வளர்ச்சி ஆகியவற்றில் ஒப்பிட்டு ஆராயும் துறை ஒப்பீட்டுப் பல்லியல். உடலிலேயே மிகக் கடினமான பொருள் பல்லை மூடியிருக்கும் பற்சிப்பி. எலும்பு மட்கிய பின்னும் பல் நிலைத்திருப்பதால் தொல்லுயிரியலுக்கு அது முதன்மைச் சான்று. சொத்தை முதல் நிரப்புபொருள் வரை பல் மருத்துவம் விலங்குப் பற்களில் சோதித்துக் கற்றவை பல. ஒற்றுமையை மட்டும் பார்த்துச் சொன்ன முடிவுகள் பொய்த்ததும், வேற்றுமையை அளந்து சொன்னவை நிலைத்ததுமே இத்துறையின் வரலாறு.

பல்லமைப்பு

வளர்ந்த மனிதருக்கு 32 பற்கள். தாடையின் ஒவ்வொரு பாதியிலும் 2 வெட்டுப்பற்கள், 1 கோரைப்பல், 2 முன்கடைவாய்ப்பற்கள், 3 பின்கடைவாய்ப்பற்கள். சிம்பன்சிக்கும் கொரில்லாவுக்கும் நம் ஊர்க் குரங்குக்கும் இதே வரிசைதான். நாய்க்கு 42, எலிக்கு 16. மாட்டுக்கும் 32 பற்களே. ஆனால் அதன் மேல்தாடையின் முன்பக்கத்தில் பல் கிடையாது. அங்கே தடித்த திண்டு ஒன்றே உண்டு. கீழ்த்தாடையின் 8 முன்பற்கள் அதில் அழுந்திப் புல்லைப் பற்றுகின்றன.

முளைக்கும் முறையும் வேறுபடும். மனிதருக்குப் பால்பற்கள் 20 விழுந்து, நிலைத்த பற்கள் ஒருமுறை வரும். சுறாவுக்கு வாழ்நாள் முழுதும் புதுப்பற்கள் வந்துகொண்டே இருக்கும். யானைக்குக் கடைவாய்ப்பற்கள் ஒன்றன்பின் ஒன்றாக ஆறு முறை முன்னகர்ந்து வரும். எலியின் வெட்டுப்பல் தேயத் தேய வளரும். அதன் முன்பக்கத்தில் மட்டுமே பற்சிப்பி உண்டு. பின்பக்கம் விரைவாகத் தேய்வதால் முனை எப்போதும் உளிபோல் கூராக இருக்கும்.

இந்த அறிவின் பழமையான பயன்பாட்டை மாட்டுச் சந்தையில் இன்றும் காணலாம். வாங்க வருபவர் மாட்டின் கீழுதட்டை விலக்கிப் பார்க்கிறார். பால்பல் விழாதது 'பல் போடாத' கன்று. சுமார் இரண்டு வயதில் நடுவில் இரண்டு அகன்ற பற்கள் முளைத்தால் அது 'இரண்டு பல்'; பிறகு 'நாலு பல்', 'ஆறு பல்'. எட்டும் முளைத்துவிட்டால் தேய்மானம் ஒன்றே வயதுக்குச் சான்று.

தொடக்கக் காலம்

கி.மு. 4-ஆம் நூற்றாண்டில் அரிஸ்டாட்டில் விலங்குகளின் பற்களை வகைப்படுத்தி எழுதினார். கொம்புள்ள அசைபோடும் விலங்குகளுக்கு மேல் முன்பற்கள் இல்லை என்பதைச் சரியாகக் குறித்தார். ஆணுக்குப் பெண்ணைவிடப் பற்கள் அதிகம் என்று அவரே எழுதியது தவறு. 1563-இல் பார்த்தலோமியோ யூஸ்டாக்கி வெனிசில் வெளியிட்ட சிறுநூல் பற்களுக்காகவே எழுதப்பட்ட முன்னோடி உடற்கூற்று நூல்களில் ஒன்று.

1666-இல் இத்தாலியக் கரையில் பிடிபட்ட பெருஞ்சுறா ஒன்றின் தலையை நிக்கோலஸ் ஸ்டெனோ பிளாரன்சில் அறுத்து ஆராய்ந்தார். பாறைகளில் கிடைத்துவந்த 'நாக்குக் கற்கள்' பழங்காலச் சுறாவின் பற்களே என்று மறு ஆண்டு எழுதினார். கல்லாகக் கிடப்பது ஒரு காலத்தில் உயிருள்ள விலங்கின் உறுப்பாக இருந்தது என்ற கருத்து வலுப்பெற்றது இந்த ஒப்பீட்டால்தான்.

18, 19-ஆம் நூற்றாண்டுகள்

லண்டன் அறுவை மருத்துவர் ஜான் ஹண்டர் 1771-இல் மனிதப் பற்களின் இயற்கை வரலாறு பற்றிய நூலை வெளியிட்டார். அப்போதுதான் பிடுங்கிய மனிதப் பல்லைச் சேவலின் கொண்டையில் நட்டுப் பார்த்தவர் அவர். பல முயற்சிகளில் ஒன்று பலித்தது. சேவலின் இரத்தக் குழாய்கள் பல்லுக்குள் சென்றிருந்தன. ஆனால் அக்காலத்தில் இருந்த, மனிதருக்கு மனிதர் பல் மாற்றி நடும் பழக்கம் நீடிக்கவில்லை. நட்ட பல் தங்காததும் நோய் பரவியதும் காரணங்கள்.

1796-இல் பாரிசில் ஜார்ஜ் குவியே இரண்டு யானை மண்டையோடுகளை ஒப்பிட்டார். ஒன்று இலங்கையிலிருந்து வந்தது. மற்றது நன்னம்பிக்கை முனையிலிருந்து வந்தது. இலங்கை யானையின் கடைவாய்ப்பல்லில் அரைக்கும் வரிகள் நெருக்கமாக, ஏறத்தாழ இணையாக ஓடின. ஆப்பிரிக்க யானையுடையதில் சாய்சதுரங்களாக விரிந்தன. இரண்டும் வெவ்வேறு இனங்கள் என்றும், சைபீரிய மாமத யானை இரண்டிலும் சேராத, அழிந்துபோன இனம் என்றும் அவர் அறிவித்தார். உயிரினம் முற்றாக அழியக்கூடும் என்பதற்கு ஒரு பல் சாட்சியானது.

ரிச்சர்டு ஓவன் 1840–45-இல் வெளியிட்ட நூலில் மீன் முதல் மனிதன் வரையான பற்களின் குறுக்குவெட்டுகளை நுண்ணோக்கியில் கண்டு வரைந்து காட்டினார். பற்சிப்பிக்கு உள்ளே இருக்கும் பகுதிக்கு 'டென்டைன்' என்ற பெயரைத் தந்தவரும் அவரே. சார்லஸ் டோம்ஸ் 1876-இல் எழுதிய பல் உடற்கூற்று நூல் மனிதரையும் விலங்குகளையும் ஒன்றாக வைத்துப் பாடம் சொன்னது. அமெரிக்காவில் எட்வர்டு கோப்பும் ஹென்றி ஆஸ்பர்னும், பாலூட்டிகளின் சிக்கலான கடைவாய்ப்பற்கள் மூன்று மேடுள்ள எளிய பல்லிலிருந்து வந்தவை என்றனர். 1888-இல் ஆஸ்பர்ன் அம்மேடுகளுக்கு இட்ட புரோட்டோகோன், பாராகோன், மெட்டாகோன் முதலிய பெயர்கள் இன்றும் வழங்குகின்றன.

பிழையான அடையாளங்கள்

அதே ஆஸ்பர்னிடம் 1922-இல் நெப்ராஸ்காவிலிருந்து மிகவும் தேய்ந்த கடைவாய்ப்பல் ஒன்று வந்தது. வட அமெரிக்காவின் முதல் மனிதக்குரங்கு என்று அதற்கு 'ஹெஸ்பெரோபித்திக்கஸ்' எனப் பெயரிட்டார். அந்த இடத்தை மேலும் தோண்டியபோது உண்மை தெரிந்தது: அது பன்றியை ஒத்த பெக்கரி என்னும் விலங்கின் பல். 1927-இல் ஆஸ்பர்னின் சக ஆய்வாளர் வில்லியம் கிரிகரி அறிவிப்பைத் திரும்பப் பெற்றார். தேய்மானம் மேடுகளை அழித்துவிட்டால் பெக்கரியின் பல்லும் மனிதக்குரங்கின் பல்லாகத் தோன்றும் என்பது அதன் பாடம்.

இங்கிலாந்தின் பில்ட்டவுன் தாடை திட்டமிட்ட மோசடி. 1912-இல் ஆதிமனிதனுடையது என்று அறிவிக்கப்பட்ட அதைக் கென்னத் ஓக்லி, ஜோசப் வைனர், லெ கிரோஸ் கிளார்க் ஆகியோர் 1953-இல் நுண்ணோக்கியில் பார்த்தனர். பற்களின் மேற்பரப்பில் அரத்தால் ராவிய கீறல்கள் தெரிந்தன. அடுத்தடுத்த இரு பற்கள் வெவ்வேறு சாய்வில் தேய்ந்திருந்தன. உணவை மென்று தேய்ந்த பற்கள் அப்படி அமைவதில்லை. ஒராங்குட்டான் தாடையின் பற்களை ராவி, கறையேற்றி, மனித மண்டையோட்டுடன் சேர்த்திருந்தார்கள்.

இமயத்தின் அடிவாரச் சிவாலிக் மலையில் கிடைத்த 'ராமாபித்திக்கஸ்' தாடை 1960-களில் மனித மூதாதையாகக் கருதப்பட்டது. தடித்த பற்சிப்பியும் சிறிய கோரைப்பல்லும் அதற்குச் சொல்லப்பட்ட காரணங்களில் அடங்கும். பின்னர் பாகிஸ்தானில் கிடைத்த முகப்பகுதி, அவ்வினத்தை ஒராங்குட்டானின் உறவாகக் காட்டியது.

ஆய்வுக்கூடத்தில்

1954-இல் பிராங்க் ஆர்லாண்டு குழுவினர், கிருமியே இல்லாமல் வளர்த்த எலிகளுக்குச் சர்க்கரை மிகுந்த உணவு கொடுத்தனர்; சொத்தை விழவில்லை. சாதாரண எலிகளுக்கு விழுந்தது. 1960-இல் பால் கீஸ், சொத்தையுள்ள வெள்ளெலிகளோடு வளர்ந்தவற்றுக்கும் அது தொற்றுவதைக் காட்டினார். சொத்தைக்குச் சர்க்கரையோடு கிருமியும் வேண்டும் என்பது இவ்வாறு உறுதியானது.

பசைகளையும் நிரப்புபொருள்களையும் சோதிக்கப் பிடுங்கிய மனிதப் பற்கள் போதுமான அளவில் கிடைப்பதில்லை. அகன்ற மாட்டு முன்பல் அதற்கு மாற்றானது. 1983-இல் ஜப்பானிய ஆய்வாளர்கள், பற்சிப்பியிலும் டென்டைனின் மேலடுக்கிலும் பசையின் பிடிப்பு மனிதப் பல்லோடு ஒத்திருப்பதையும், டென்டைனில் ஆழம் செல்லச் செல்லப் பிடிப்பு வெகுவாகக் குறைவதையும் கண்டனர். எனவே எந்த அடுக்கில் சோதித்தார்கள் என்பதை அறியாமல் மாட்டுப்பல் முடிவை மனிதருக்குப் பொருத்த முடியாது.

பல்லை மீண்டும் முளைக்கவைக்கும் ஆய்விலும் இதே கவனம் தேவைப்பட்டது. 2021-இல் ஜப்பானிய ஆய்வாளர்கள், பல் வளர்ச்சியைத் தடுக்கும் யுஎஸ்ஏஜி-1 என்ற புரதத்தை எதிர்ப்புரதத்தால் முடக்கி, சுண்டெலியில் பல் முளைக்கச் செய்தனர். ஆனால் சுண்டெலிக்குப் பால்பல் விழுந்து முளைப்பது இல்லை. அதனால் மனிதரைப்போல் இருமுறை பல் முளைக்கும் ஃபெரட் என்ற சிறு விலங்கிலும் சோதித்தனர். அதற்கும் கூடுதல் பல் முளைத்தது. 2024-இல் கியோட்டோ பல்கலைக்கழக மருத்துவமனையில் அம்மருந்தின் பாதுகாப்பை அறியும் முதல் மனிதச் சோதனை தொடங்கியது.