பல் சீரமைப்பின் வரலாறு: பாரிஸ் முதல் சேத்துப்பட்டு வரை

சேத்துப்பட்டு என்றதும் சென்னைவாசிகளுக்கு எழும்பூருக்கு முந்தைய ரயில் நிலையம் நினைவுக்கு வரும். திருவண்ணாமலை மாவட்டத்துக்காரர்களுக்கு அது வேறு ஊர். ஆரணிக்குத் தெற்கே, போளூரிலிருந்து வந்தவாசி செல்லும் சாலையில், பட்டு நெசவு வட்டாரத்தில் இருக்கும் சிறு நகரம். இரண்டு சேத்துப்பட்டிலும் எத்துப்பல், தெத்துப்பல் உள்ள பிள்ளைகள் இருக்கிறார்கள். ஆனால் அவற்றைச் சரி செய்யும் வாய்ப்பு இரண்டு இடத்திலும் ஒன்றல்ல. அது ஏன் என்று புரிய, பல்லுக்குக் கம்பி கட்டும் வைத்தியம் நடந்து வந்த பாதையைப் பார்க்க வேண்டும்.

அழகு மட்டும்தானா?

தெத்துப்பல்லை நம் ஊரில் அழகு என்று சொல்பவர்களும் உண்டு. எத்துப்பல்லுக்கு அந்தச் சலுகை கிடைப்பதில்லை. பள்ளிக்கூடத்தில் பட்டப்பெயர், பிறகு பெண் பார்க்க வரும்போது ஒரு குறை. இவை தவிர உடல் சார்ந்த காரணங்களும் உள்ளன. துருத்திய முன்பல் விளையாட்டில் விழுந்தால் முதலில் உடையும். நெருக்கமாக முளைத்த பற்களின் இடுக்கில் பிரஷ் சரியாகப் போகாது. சொத்தையும் ஈறு நோயும் வரும். மேல்தாடையும் கீழ்த்தாடையும் பொருந்தாவிட்டால் மெல்லுவதிலும் சிரமம்.

பரம்பரை, நெடுநாள் விரல் சூப்புவது, பால்பற்களைச் சீக்கிரமே இழப்பது எல்லாம் இதற்குக் காரணங்கள். "பால்பல்தானே, விழுந்தால் விழட்டும்" என்று விடுவது தவறு. நிலைப்பல் முளைக்க வேண்டிய இடத்தைக் காத்து வைப்பதே பால்பல்தான்.

விரலும் நூலும்

முதலாம் நூற்றாண்டில் ரோமாபுரியில் வாழ்ந்த செல்சஸ் ஒரு எளிய வழி சொன்னார். பால்பல் விழுமுன் புதுப்பல் முளைத்துவிட்டால், பால்பல்லைப் பிடுங்கிவிட்டுப் புதுப்பல்லை அது தன் இடத்துக்கு வரும்வரை தினமும் விரலால் தள்ள வேண்டும் என்றார். மெதுவாகத் தள்ளினால் பல் நகரும் என்பது அப்போதே தெரிந்திருந்தது.

1728ல் பிரான்சில் பியர் ஃபோஷார் பல் மருத்துவம் பற்றிப் பெரிய நூல் ஒன்றை வெளியிட்டார். குதிரை லாட வடிவில் வளைத்த உலோகப் பட்டையில் துளைகள் போட்டு, கோணல் பற்களை நூலால் அதனுடன் கட்டினார். இன்றைய கம்பியின் மூதாதை அதுதான். அவரே சில சமயம் குறடு போன்ற கருவியால் பல்லைப் பிடித்து ஒரேயடியாகத் திருப்பியும் விட்டார். பின்னாளில் பல்லைக் கட்டப் பட்டு நூலும் பயன்பட்டது. ஆரணிப் பக்கம் தறியில் ஓடும் அதே பட்டு, வேறு நாட்டில் பல்லையும் இழுத்திருக்கிறது.

ஆங்கிளும் அவர் மாணவர்களும்

இதைத் தனித் துறையாக்கியவர் அமெரிக்காவின் எட்வர்ட் ஆங்கிள். 1899ல் அவர் கோணல் பற்களை மூன்று வகையாகப் பிரித்தார். ஆறு வயதில் முளைக்கும் முதல் கடைவாய்ப் பற்கள், மேலும் கீழும் எப்படிப் பொருந்துகின்றன என்பதே அளவுகோல். சுமாராகப் பொருந்தி மற்ற பற்கள் மட்டும் கோணலானால் முதல் வகை. கீழ்ப்பல் பின்தங்கினால் இரண்டாம் வகை. முன்னேறி நின்றால் மூன்றாம் வகை. இன்றும் பல் மருத்துவ மாணவர்கள் இதைத்தான் படிக்கிறார்கள். 1900ல் செயின்ட் லூயிஸ் நகரில் இத்துறைக்கென்று முதல் பள்ளியையும் அவர் தொடங்கினார்.

எந்தப் பல்லையும் பிடுங்கக் கூடாது என்பது ஆங்கிளின் பிடிவாதம். ஆனால் அவரிடம் பயின்ற சார்லஸ் ட்வீடும் ஆஸ்திரேலியாவின் ரேமண்ட் பெக்கும் அதை மீறினார்கள். இடமில்லாத தாடையில் எல்லாப் பல்லையும் அடுக்கினால் அவை திரும்பக் கலையும் என்பதை அனுபவத்தில் கண்டார்கள். தேவைப்பட்டால் சில பற்களை எடுத்து இடம் உண்டாக்கும் வழக்கம் அப்படித்தான் வந்தது. மெல்லிய கம்பியும் லேசான விசையும் கொண்ட பெக்கின் முறை இந்தியப் பல் மருத்துவக் கல்லூரிகளில் நெடுங்காலம் கோலோச்சியது.

எலும்பு எப்படி வழிவிடுகிறது?

பல், சுவரில் அடித்த ஆணி போல எலும்பில் இறுகி இருப்பதில்லை. வேரைச் சுற்றி மெல்லிய நார்த்திசு உண்டு. பல்லை ஒரு பக்கம் தள்ளினால், அழுந்தும் பக்கத்தில் எலும்பு கரைகிறது. இழுபடும் பக்கத்தில் புது எலும்பு வளர்கிறது. ஸ்வீடனின் கார்ல் சான்ட்ஸ்டெட் 1904ல் நாய்களிடம் சோதித்து இதை எழுதினார். மாதத்துக்குச் சுமார் 1 மில்லிமீட்டர்தான் பல் நகரும். அவசரப்பட்டு அதிக விசை கொடுத்தால் நகர்வு தடைப்படும், வேரும் தேயலாம். அதனால்தான் ஒன்றரை, இரண்டு வருடங்கள் ஆகின்றன. மாதம் ஒருமுறை கம்பியை முறுக்க வர வேண்டும். கம்பியை எடுத்த பிறகும் பல் பழைய இடத்துக்குத் திரும்பாமலிருக்க ரிடெய்னர் அணிய வேண்டும்.

தாடைக் கோளாறுக்கு வயது முக்கியம். 1908 வாக்கில் டென்மார்க்கின் விக்கோ ஆன்ட்ரேசன், கோடை விடுமுறைக்கு வெளியூர் செல்லவிருந்த தன் மகளின் கம்பியை எடுத்துவிட்டு, இரவில் அணியும் தளர்வான தட்டு ஒன்றைச் செய்து கொடுத்தார். அவள் திரும்பியபோது பற்களின் பொருத்தம் மேலும் சீராகியிருந்தது. வளரும் வயதில் கீழ்த்தாடையை முன்னே கொண்டுவரும் கருவிகள் இதிலிருந்து பிறந்தன. வளர்ச்சி நின்ற பிறகு தாடைக் கோளாறு பெரிதாக இருந்தால் அறுவை சிகிச்சைதான் வழி. ஏழு வயதுக்குள் ஒருமுறை காட்டிவிடுங்கள் என்று அமெரிக்க நிபுணர் சங்கம் சொல்வது இதனால்தான்.

சென்னைக்கு வந்த கதை

இந்தியாவின் முதல் பல் மருத்துவக் கல்லூரியை டாக்டர் ரஃபியுதீன் அகமது 1920ல் கல்கத்தாவில் தொடங்கினார். 1948ல் பல் மருத்துவர் சட்டம் வந்தது. பட்டம் பெற்றவர்களை ஒரு பட்டியலிலும், பட்டம் இல்லாமல் பல ஆண்டுகள் இதே தொழிலில் இருந்தவர்களை வேறு பட்டியலிலும் அது பதிவு செய்தது. பல் பிடுங்கவும் பல்செட் கட்டவும் அவர்கள் போதும். கம்பி கட்டத் தனிப் படிப்பு வேண்டும்.

சென்னையில் 1953ல் மெட்ராஸ் மருத்துவக் கல்லூரியின் பிரிவாகத் தொடங்கியதே இன்றைய தமிழ்நாடு அரசு பல் மருத்துவக் கல்லூரி. 1965ல் இந்திய ஆர்த்தோடான்டிக் சங்கம் உருவானது. 1980ல் சிதம்பரத்தில் ராஜா முத்தையா பல் மருத்துவக் கல்லூரி வந்தது. பிறகு தனியார் கல்லூரிகள் பெருகின. சிறு நகரங்களிலும் மாதத்தில் குறித்த நாளில் நிபுணர் வந்து பார்க்கும் கிளினிக்குகள் தோன்றின.

முடிவுரை

அரசு பல் மருத்துவக் கல்லூரி கோட்டை ரயில் நிலையம் அருகே இருக்கிறது. சென்னைச் சேத்துப்பட்டில் ரயில் ஏறினால் எழும்பூர், பார்க், அடுத்தது கோட்டை. மூன்றாவது நிலையம். திருவண்ணாமலை மாவட்டச் சேத்துப்பட்டிலிருந்து சுமார் 150 கிலோமீட்டர். ஒரு பல்லைப் பிடுங்க ஒருநாள் போனால் போதும். கம்பி கட்டினால் இரண்டு வருடத்தில் இருபது தடவைக்கு மேல் போக வேண்டும். பிள்ளைக்குப் பள்ளி போகும். துணைக்குச் செல்லும் அப்பா அம்மாவுக்குத் தறி நிற்கும், அன்றைய கூலி போகும். பாதியில் நிறுத்தினால் நகர்ந்த பல் திரும்பும். கவனிக்காத கம்பியைச் சுற்றிச் சொத்தை வரும்.

பல் மெதுவாகத்தான் நகரும். அதை மாற்ற யாராலும் முடியாது. தூரத்தைக் குறைக்க முடியும். ஆரணியிலோ திருவண்ணாமலையிலோ உள்ள அரசு மருத்துவமனையில் மாதம் இரண்டு நாள் நிபுணர் ஒருவர் கம்பி முறுக்க உட்கார்ந்தால், இரண்டு சேத்துப்பட்டுக்கும் உள்ள வித்தியாசம் பெரிதும் குறைந்துவிடும்.