கியா பார்ம் செல்வார்க்கு ஓர் ஆற்றுப்படை

வழி அறிந்தவன் வழி அறியாதவனுக்கு வழி சொல்லுதலைத் தனியோர் இலக்கிய வகையாகவே வளர்த்தவர் தமிழர். பத்துப்பாட்டில் சரிபாதியாகிய ஐந்து பாட்டுகள் ஆற்றுப்படைகளே. அவற்றுள் மலைவழியை மிக விரித்துரைப்பது, பெருங்குன்றூர்ப் பெருங்கௌசிகனார் பாடிய மலைபடுகடாம். 583 அடிகளையுடைய அப்பாட்டு, நன்னன் சேய் நன்னனைக் காணச் செல்லும் கூத்தர்க்கு மூவகைச் செய்திகளைக் கூறுகின்றது. வழியில் நேரத்தக்க இடர்கள் ஒருவகை. பன்றிக்கு வைத்த பொறியும், தினைப்புனம் காப்போர் எறியும் கவண்கல்லும், வழுக்கும் பாறையும் அதனுள் அடங்கும். வழிநெடுக வாழும் மக்களும் அவர்தம் விருந்தோம்பலும் மற்றொருவகை. மலையின் வளமும் அதற்குரியோன் வரலாறும் மூன்றாவது வகை. தொலைவை மட்டும் சொல்லி அமைவது ஆற்றுப்படை ஆகாது.

பகாங் மாநிலத்துக் கேமரன் மலைக்கு மிதிவண்டியில் உலாச் செல்வோர் இன்று உளர். அவர்தம் பயணத் திட்டங்களில் தொலைவும் ஏற்றமும் தங்குமிடமும் குறிக்கப்பெறுகின்றன. ஆயின், அப்பாதை எவ்வாறு உண்டாயிற்று, அதன் இருமருங்கும் யார் வாழ்கின்றனர் என்பன இடம்பெறுதல் அரிது. அவை வெறும் பழங்கதை அல்ல. பாதையின் வரலாற்றை அறிந்தவனே அதன் ஏற்றத்தையும் இடரையும் அறிவான். தாப்பாவிலிருந்து கியா பார்ம் வரை உள்ள வழியை அடியிலிருந்து நோக்கின் இவ்வுண்மை விளங்கும்.

மலை ஏட்டில் ஏறிய வரலாறு

1885ஆம் ஆண்டில் அரசாங்க நில அளவையாளரான வில்லியம் கேமரன், குலோப் ரியாவ் என்பவருடன் பேராக்கின் கிந்தாப் பகுதியிலிருந்து யானைகளோடு புறப்பட்டு, மலைத்தொடருக்குள் சென்று ஒரு மேட்டுநிலத்தைக் கண்டார். அதன் இருப்பிடத்தை அவர் வரைபடத்தில் தெளிவுறக் குறிக்கவில்லை; அடுத்த ஆண்டே காலமானார். ஆகவே, பெயர் நிலைத்தும் இடம் நெடுங்காலம் ஐயத்துக்குரியதாகவே இருந்தது. கேமரன் அதனைக் 'கண்டுபிடித்தார்' என்று பாடநூல்கள் கூறுவதுண்டு. செமாய், தெமியார் ஆகிய பழங்குடி மக்கள் அம்மலைக் காடுகளில் தொன்றுதொட்டு வாழ்ந்து வந்தவர்கள். ஏட்டில் ஏற்றினார் என்பதே பொருத்தமான சொல்.

1925இல் சர் ஜார்ஜ் மேக்ஸ்வெல் அவ்விடத்தைப் பார்வையிட்ட பின்னரே, அதனை மலைவாழ்நகராக ஆக்கும் முடிவு உறுதிப்பட்டது. முடிவு எளிது, பாதை அரிது.

தாப்பா: அடிவாரம்

மிதிவண்டிப் பயணம் தொடங்குதற்கு ஏற்ற இடம் பேராக்கின் தாப்பா. ஏற்றம் தொடங்குமுன் ஒரு செய்தியை எண்ணுதல் தகும். 1888இல் பெல்பாஸ்ட் நகரில் ஜான் பாய்ட் டன்லப் என்பார், தம் மகனின் மூன்றுசக்கர வண்டி அதிராமல் ஓடுதற்பொருட்டுக் காற்றடைத்த சக்கரப் பட்டையைச் செய்தார். அது முதலில் மிதிவண்டிக்கும், பின்னர் மோட்டார் வண்டிக்கும் பரவிற்று. உலகில் ரப்பரின் தேவை பெருகவே, மலாயாவின் காடுகள் ரப்பர்த் தோட்டங்களாயின; அவற்றில் பால்மரம் வெட்டத் தமிழகத்திலிருந்து மக்கள் கப்பலேறினர். மிதிவண்டிச் சக்கரத்திற்கும் மலாயாத் தமிழரின் குடியேற்றத்திற்கும் உள்ள தொடர்பு இத்துணை நெருங்கியது.

மற்றொரு செய்தி போர்க்காலத்தது. 1941 டிசம்பரில் மலாயாவில் இறங்கிய ஜப்பானியப் படையினர், ஆங்கிலேயர் அமைத்த செவ்விய பாதைகளிலேயே மிதிவண்டிகளில் தெற்கு நோக்கி விரைந்தனர். சக்கரப் பட்டை கிழிந்தால் வெறும் இரும்பு வளையத்தின் மீதே ஓட்டிச் சென்றனர். தாப்பாவிற்கு வடக்கேயுள்ள கம்பாரில் 1941 டிசம்பர் 30 முதல் 1942 ஜனவரி 2 வரை கடும்போர் நிகழ்ந்தது. சமவெளியில் மிதிவண்டி பெற்ற விரைவுக்கு அஃதொரு சான்று. மலைவழியோ விரைவை விரும்புவோர்க்கு உரியதன்று.

ஏற்றமும் அதன் காரணமும்

தாப்பாவிலிருந்து தானா ராத்தா வரை ஏறக்குறைய 60 கிலோமீட்டர். தானா ராத்தாவின் உயரம் 1,400 மீட்டருக்கு மேல். கணக்கிட்டால், சராசரியாக 100 மீட்டர் தொலைவுக்கு இரண்டு மீட்டருக்குச் சற்று மிகுதியாகவே வழி உயர்கின்றது. இக்கணக்குச் செங்குத்தான மலையை எண்ணி அஞ்சுவார்க்கு வியப்பளிக்கும். காரணம் யாதெனின், பாதை மலையை நேரே எதிர்த்து ஏறாமல், சரிவை ஒட்டி வளைந்து வளைந்து செல்கின்றது. ஏற்றம் மெலிந்த அளவுக்கு வளைவு மிகுந்தது. எனவே, ஈண்டு மிதிப்பவனுக்கு வேண்டுவது தோள்வலியினும் பொறுமையே. வளைவுக்கு அப்பால் வரும் வண்டி தெரியாதாகையால், இடப்பக்க ஓரத்தை விடாதிருத்தல் இன்றியமையாதது.

இப்பாதை வேலை பாக்டன், பிரிஸ்பேன் குழுமத்தாரிடம் ஒப்படைக்கப்பட்டு, 1926 ஜனவரி முதல் நாள் தொடங்கிற்று. இடைவிடா மழையில், காட்டை வெட்டி, பாறையை உடைத்து வேலை நடந்தது. எந்நேரமும் தொழிலாளருள் நூற்றுக்கு ஐவர் முதல் பதின்மர் வரை மலேரியாக் காய்ச்சலில் கிடந்தனர். கனத்த பொறிகளை மேலேற்ற நீராவி எந்திரங்களின் துணை வேண்டியிருந்தது. 1931இல் பாதை போக்குவரத்துக்குத் திறக்கப்பட்டது. அக்காலத்து மலாயாவின் பாதை வேலைகளில் தமிழ்த் தொழிலாளர் பெருந்தொகையினர் என்பது வரலாறு கற்றோர் அறிந்ததே. குழுமத்தின் பெயர் ஏட்டில் நிற்கின்றது. காய்ச்சலில் கிடந்தவர் பெயர்களை எவரும் எடுத்துரைப்பதில்லை.

வழியில் செமாய் மக்களின் சிற்றூர்களும், அவர்கள் காட்டு விளைபொருள் விற்கும் சிறு கடைகளும் உள்ளன. மிதிவண்டியில் செல்வோன் நின்று இளைப்பாறவும் பேசவும் இயலும். மோட்டாரில் செல்வோனுக்கு அவை கண்ணிமைப்பில் மறைவன.

ரிங்லெட்டும் ஹாபுவும்

பேராக்கின் எல்லை கடந்து பகாங்கில் முதலில் எதிர்ப்படும் ஊர் ரிங்லெட். அதனை அடுத்துச் சுல்தான் அபு பக்கார் அணைக்கட்டினால் உண்டான ஏரி உளது. நீர்மின் திட்டத்திற்காக 1963இல் கட்டிமுடிக்கப்பட்ட அவ்வணையின் ஏரியில், மேலே காடழித்துத் திருத்திய நிலங்களிலிருந்து மழை அடித்துவரும் மண் ஆண்டுதோறும் படிகின்றது. 2013 அக்டோபர் 23ஆம் நாள் நள்ளிரவில், நிறைந்த அணையின் நீர் திறந்துவிடப்பட்டபொழுது, கீழேயுள்ள பெர்த்தாம் பள்ளத்தாக்கில் உயிர்ச்சேதமும் பொருட்சேதமும் நேர்ந்தன. ஏரியின் அழகைக் காண நிற்போர் அதன் கலங்கிய நிறத்தின் காரணத்தையும் அறிதல் நன்று.

ஹாபுப் பகுதியில்தான் 1929இல் ஜே. ஏ. ரஸ்ஸல் போ தேயிலைத் தோட்டத்தைத் தொடங்கினார். அவருக்குத் துணைநின்ற ஏ. பி. மில்ன், இலங்கையில் தேயிலைத் தொழிலில் தேர்ந்தவர். இலங்கை மலையகத்தில் 1867இல் ஜேம்ஸ் டெய்லர் தொடங்கிய தேயிலைப் பயிரின் அனுபவம், இவ்வாறு கடல் கடந்து பகாங் மலையை அடைந்தது. தொடங்கிய காலமோ உலகப் பொருளாதார வீழ்ச்சிக் காலம். ரப்பர் விலை வீழ்ந்ததனால், 1930க்குப் பின் பல்லாயிரக்கணக்கான தமிழ்த் தொழிலாளர் மலாயாவிலிருந்து தாயகத்திற்குத் திருப்பி அனுப்பப்பட்டனர். அதே ஆண்டுகளில் இம்மலையில் காடு வெட்டித் தேயிலை நடப்பட்டது. ஒருபுறம் மக்களை வெளியேற்றிய காலமே மறுபுறம் குளிரில் குடியேற்றிற்று.

கியா பார்மும் தோட்டமும்

தானா ராத்தாவைக் கடந்து பிரிஞ்சாங், அதற்கும் மேலே கியா பார்ம். காய்கறியும் பழமும் தேனும் பூவும் விற்கும் சந்தையால் இவ்வூர் பெயர்பெற்றது. வார இறுதியிலும் பள்ளி விடுமுறையிலும் மோட்டார் வண்டிகள் இங்கு நெருக்கியடித்து நிற்கும். மிதிவண்டியர் வாரநாளில், விடியற்காலையில் வருதலே அறிவுடைமை. பிற்பகல் மழை இம்மலைக்கு இயல்பு. அக்டோபர், நவம்பர் மாதங்களில் அது மிகும். ஜனவரி, பிப்ரவரி மாதங்கள் ஒப்பு நோக்க வறண்டவை.

சந்தையைத் தாண்டிப் பிரியும் ஒடுங்கிய கிளைப்பாதை சுங்கை பாலாஸ் தேயிலைத் தோட்டத்திற்கும், 2,000 மீட்டருக்கு மேற்பட்ட குனோங் பிரிஞ்சாங் சிகரத்திற்கும் செல்கின்றது. பெரும்பாதையின் மெல்லிய ஏற்றத்திற்குப் பழகியவன் இங்குத் திகைப்பான், தோட்டப்பாதை செங்குத்தானது. இறங்கி வண்டியை உருட்டிச் செல்வது இழிவன்று. அங்ஙனம் மெல்லச் செல்வோனே கொழுந்துக் கூடையையும், லயங்களையும், கோயிலையும், தோட்டப் பள்ளியையும் காண்பான்.

முன்பு தமிழ்க் குடும்பங்களால் நிறைந்திருந்த இத்தகைய தோட்டங்களில், இன்று அயல்நாட்டுத் தொழிலாளர் பலர் பணிபுரிகின்றனர். இளையோர் படித்து நகரங்களுக்குச் சென்றனர், அது வருந்தத்தக்கதன்று. ஆயின், காட்டை வெட்டிய தலைமுறையின் நினைவும் அவர்களோடு மலையிறங்கிவிடுமாயின் அது பேரிழப்பு. கூடையின் எடை, பனியின் கடுமை, முதல் லயம் எழுந்த இடம் ஆகியவற்றைக் கேட்டு அறிந்தோர் ஒவ்வொருவராய்க் குறைந்து வருகின்றனர்.

இறக்கம்

இரண்டாயிரத்தின் தொடக்க ஆண்டுகளில் சிம்பாங் பூலாயிலிருந்து கம்போங் ராஜாவிற்கு வந்த புதிய பாதை அகன்றது, வளைவுகள் குறைந்தது. 1996இல் தொடங்கிய லங்காவி மிதிவண்டிப் பந்தயத்தின் ஒரு நாள் ஓட்டம், 2016இல் இம்மலையில் முடிவுற்றதும் உண்டு. ஆயினும், அகன்ற பாதை அச்சமற்ற பாதை ஆகாது. 2010 டிசம்பர் 20ஆம் நாள், இவ்வழியே இறங்கிய சுற்றுலாப் பேருந்து ஒன்று கவிழ்ந்து, இருபதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். ஏறுவதற்கு மூச்சு வேண்டும். இறங்குவதற்கு அறிவு வேண்டும். புறப்படுமுன் தடைக்கட்டைகளைச் சோதித்தலும், ஒரேயடியாய் அழுத்தாமல் விட்டுவிட்டு அழுத்துதலும், இடையிடையே நின்று சக்கரச் சூடு தணியவிடுதலும், குளிர்காற்றில் விரல் விறைக்காவண்ணம் கையுறை அணிதலும் கடமை.

ஆகவே, மூன்று நாள் வகுத்துக்கொள்ளுதல் ஏற்றது. முதல்நாள் தாப்பாவிலிருந்து ஏறி ரிங்லெட்டிலோ தானா ராத்தாவிலோ தங்கலாம். இரண்டாம் நாள் கியா பார்மும் தோட்டமும் சிகரமும். மூன்றாம் நாள் இறக்கம். இவற்றுள் இரண்டாம் நாளே பயணத்தின் உயிர்; அதனைச் சுருக்குதல் கூடாது.

மலைபடுகடாம் பாடிய புலவர், வழியில் வாழும் குறவரையும் ஆயரையும் உழவரையும் ஒதுக்கிவிட்டு நன்னனின் ஊரை மட்டும் காட்டினாரல்லர். அம்மரபில் வந்தோர் இம்மலைக்கும் ஓர் ஆற்றுப்படை இயற்றல் வேண்டும். அதற்குப் பெரும்புலவர் தேவையில்லை. தோட்டப் பள்ளி மாணவர் தத்தம் பாட்டன் பாட்டியரைக் கேட்டு, எந்த வளைவில் எவர் லயம் இருந்தது, எந்தச் சரிவை எவர் வெட்டினர் என எழுதிவைப்பாராயின் அதுவே போதும். அவ்வேட்டைக் கையிற்கொண்டு ஏறும் பயணி, பாதையை மட்டுமன்றிப் பாதை சமைத்தோரையும் கண்டு மீள்வான். கேட்டறிதற்குரியோர் இன்னும் சிலர் உளர், காலம் தாழ்த்தலாகாது.